கிணற்றுச் சிந்து

நான் மொத்தம் பதினொரு புத்தகம் போட்டிருக்கிறேன். முதுகு வைத்துத் தைத்த புத்தகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எட்டுப் பக்கம். தாளை மடித்து நடுவில் கம்பி அடித்தது. மேலே மஞ்சளிலோ ரோசிலோ ஒரு சாயத்தாள். நானே எழுதி, நானே அச்சுக்குக் கொடுத்து, நானே சந்தையில் நின்று பாடி விற்றேன். பதினொன்றில் ஒன்றுதான் ஓடியது. அதைப் பற்றி எழுத இத்தனை நாள் கை வரவில்லை.

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. இலுப்பூரில் ஒரு கடலை மண்டியில் சாக்குத் தைக்கிற வேலை. மூட்டை வாயை மடித்துக் கோணி ஊசியால் குத்தி இழுக்க வேண்டும். குத்து, இழு. குத்து, இழு. நாள் பூராவும் அதுதான். அந்தக் கைக்கு ஒரு தாளம் உண்டு. பாட்டு அதில்தான் வந்தது. இலக்கணம் எனக்குத் தெரியாது. கை நிற்காமல் போனால் பாட்டு சரி. கை இடறினால் சொல்லை மாற்றுவேன்.

நாற்பத்தெட்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சந்தையில் அதே பேச்சு. நான் அதைச் சிந்தாகக் கட்டி மண்டியில் பாடினேன். மூட்டை தூக்குகிறவர்கள் திருப்பிப் பாடச் சொன்னார்கள். அதில் ஒருவர், "அச்சடிச்சு வித்தா என்னப்பா?" என்றார். அவர் சும்மா சொன்னார். நான் செய்தேன்.

பாதிக்கு மேல் விற்கவில்லை. மீதியை என் வீட்டுக்காரி அடுப்பில் வைக்கவில்லை. எழுத்தாயிற்றே என்று துணியில் கட்டிப் பரணில் போட்டாள். அதற்குப் பிறகும் போட்டேன். மழைச் சிந்து, வெள்ளச் சிந்து, வெட்டுக்கிளிச் சிந்து. சந்தை நாளில் மண்டியில் மத்தியானத்தோடு விட்டுவிடுவார்கள். தாளத்துக்குச் சிப்ளாக்கட்டையை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போவேன். பாட வேண்டும், ஆனால் முழுதும் பாடக் கூடாது. கதை முறுகுகிற இடத்தில் நிறுத்திப் புத்தகத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். மீதி தெரிய வேண்டுமென்றால் வாங்கு. எல்லாச் சிந்துக்காரர்களும் அப்படித்தான் விற்றார்கள்.

இது தவிர ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதில் எழுதியது சந்தைக்கு ஆகாது. ஊசி ஏறின விரலைப் பற்றி ஒன்று. வற்றின கண்மாயில் நடுவே நிற்கிற கொக்கு ஒன்று. வீட்டுக்காரியின் இருமல் ஒன்று. அவற்றைத் தைத்த புத்தகமாக, கெட்டி அட்டை போட்டு, ஒரு தடவை கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை இருந்தது. ஒரே தடவையில் தாள் வாங்க முடியாது. வருசத்துக்கு ஒரு ரீம், இரண்டு ரீம் என்று வாங்கிப் புதுக்கோட்டையில் அச்சாபீசிலேயே போட்டு வைத்தேன். மூலையில் பழுப்புத்தாள் சுற்றி, என் பேர் எழுதி இருந்தது. அச்சாபீசுக்குப் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

மழை இல்லாத ஒரு வருசம், சித்திரை மாதம். இலுப்பூருக்கு மேற்கே ஒரு ஊரில் ஒரு பெண் கிணற்றில் விழுந்து செத்தாள். கல்யாணமாகி இரண்டு வருசம். ஊர்க் கிணறு வற்றித் தண்ணீர் அடியில் கிடந்தது. பெண்கள் படியிறங்கிப் போய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிறைத்து ஏறுவார்கள். ஒரு படிக்கல் பெயர்ந்துவிட்டது. சந்தைக்கு வந்தவர்கள் இவ்வளவுதான் சொன்னார்கள். நான் அந்த ஊருக்குப் போகவில்லை. போய் விசாரிக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. சந்தைப் பேச்சு போதும்.

நாலு நாளில் பாட்டுக் கட்டினேன். காய்ந்த வருசம், நாற்பது படி, தலைக்குடம், பெயர்ந்த கல். நடந்தது நடந்தபடி. எடுத்துக்கொண்டு அச்சாபீசுக்குப் போனேன். அச்சாபீஸ்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். கெட்டவர் இல்லை.

"கல்லு பேந்துச்சு, புள்ள விழுந்துச்சு. சரி. அப்புறம்?"

"அம்புட்டுத்தாங்க."

"அம்புட்டுத்தானா? ஏப்பா, இதுல குத்தம் யாருது?"

"யாரு குத்தமும் இல்லைங்க. கல்லுதான்."

"கல்லைத் திட்டிப் பாட்டு எழுதுனா எவன் வாங்குவான்? சந்தைக்கு வாரவன் யாரையாச்சும் வஞ்சுபுட்டுப் போகணும்ல. அப்பத்தான் அவனுக்கும் ஒரு திருப்தி."

பிளாக் பெட்டியைத் திறந்தார். சிந்துக்குப் போட அவரிடம் ஆறு படம்தான் இருந்தது. பிள்ளையார், ரயில், தொட்டில், தூக்குமரம், கத்தி பிடித்த ஆள். ஆறாவது, உலக்கையை ஓங்கி நிற்கிற கிழவியும் காலடியில் குனிந்து கிடக்கிற பெண்ணும். கிணறு இல்லை. கிணறு வேண்டுமென்றால் மதுரைக்கு எழுதிப் போட்டுச் செய்து வாங்க வேண்டும். அதற்குள் ஜனங்கள் சாவை மறந்துவிடுவார்கள்.

"இந்தா, இதைப் போட்டுருவோம்" என்று ஆறாவதை எடுத்தார். "அதுக்குத் தக்கன ஒரு பத்து வரி சேத்துரு. படத்துக்குப் பாட்டைத் திருப்புறது ஒன்னும் புதுசு இல்லையே புலவரே."

புதுசு இல்லைதான். எல்லாரும் செய்தது. வெள்ளச் சிந்து பாடிய வெள்ளத்தில் ரயிலே கிடையாது. ரயில் படம் இருந்ததால் நான் ரயிலைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அச்சாபீஸ் வாசல்படியில் உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதினேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அதில் நாலு வரி:

வெறுங்குடம் திரும்பி வந்தா
வீடு இல்லே ஒனக்குன்னா
வெயிலோட போன புள்ள
வெறுங்குடமா மெதந்துச்சே.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டினதிலேயே நல்ல வரி அதுதான். நோட்டில் எட்டு வருசம் எழுதினதில்கூட அப்படி ஒன்று விழவில்லை.

யார் பேரும் போடவில்லை. ஊர்ப்பேர் மட்டும் போட்டேன். ஊர்ப்பேர் இல்லாவிட்டால் நிஜமா என்று கேட்பார்கள், வாங்க மாட்டார்கள். ஒரு ஊர், ஒரு கிணறு, அந்த வருசம் அதில் செத்த ஒரே மருமகள். பேர் தனியாக எதற்கு? இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் சந்தையில் "மாமியா என்ன சொல்லி அனுப்புனா?" என்று கேட்டு நிறுத்திப் புத்தகத்தைத் தூக்கினேன். கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. மூன்றாம் சந்தைக்குப் புத்தகம் இல்லை. மறுபடி அடித்தேன். குன்றாண்டார்கோவில் பக்கம் போனேன், விராலிமலைத் திருவிழாவுக்குப் போனேன். நான் போகாத ஊருக்கும் பாட்டு போயிருந்தது. மண்டியில் கணக்குப்பிள்ளைகூட என்னைப் புலவர் என்றார். அச்சாபீஸ்காரர் சொன்னதைப் போலக் கேலியாகச் சொல்லவில்லை.

மழை பெய்து கடலை விளைந்தது. என் வீட்டுக்காரி கடலை ஆயப் போய்விட்டு வந்து சொன்னாள்:

"ஒங்க பாட்டை அங்கிட்டு எல்லாரும் பாடுறாளுக."

"பாடட்டும்."

"ஒருத்தி அழுதுட்டா. பாட்டைக் கேட்டு மாமியாளை நெனச்சுக்கிட்டாளாம்."

"என் பாட்டுன்னு சொன்னியா?"

"சொன்னேன். சாக்குத் தைக்கிறவரு எப்புடி இம்புட்டு நல்லா எழுதுவாருன்னு கேட்டாளுக."

சிரித்தோம். வீட்டில் இரண்டு பேர்தான். பிள்ளை இல்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் ஒரு அம்மாள் மண்டிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மண்டி வாசலில் விசாரித்து நேரே என்னிடம் வந்து நின்றார். நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"கெணத்துப் பாட்டு எழுதுனது நீதானாப்பா?"

"ஆமா ஆத்தா. புத்தகம் வேணுமா?"

"வேணாம். நாந்தான் அந்த மாமியா."

நான் எழுந்தேன். அவர் உட்காரவில்லை. தரகரும் மூட்டைக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எங்க வீட்டுல எங்கிட்டு நின்னு பாத்தே நீ?"

"பாக்கலை ஆத்தா."

"வெறுங்குடமா வந்தா வீடு இல்லேன்னு நாஞ்சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலை."

"அது எந் தம்பி மகப்பா. பொறந்த அன்னைக்கு அது வாயில மொத இனிப்பா சேனை தொட்டு வச்சது நாந்தான். வாக்கப்பட்டு வந்தும் என்னைய மாமியான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. அத்தைன்னுதான் கூப்பிடும்." முந்தானையை இழுத்துச் செருகினார். "மெதந்துச்சுன்னு எழுதியிருக்கே. கெணத்துல முழங்கால் தண்ணி. எங்கிட்டு மெதக்கும்? மண்டை கல்லுல அடிச்சுக் கெடந்துச்சு. மொதல்ல எறங்குனது நான்." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து ஆறின தழும்பு நீளமாக இருந்தது.

தம்பி மகளை மருமகளாக எடுப்பது எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் நடப்பது. மாமியார் என்றால் அத்தையாகத்தான் இருப்பாள் என்று ஒரு நிமிசம் யோசித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நான் அந்தப் படத்தைப் பார்த்து எழுதினேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆத்தா. இனிமே பாடலை."

"நீ பாடாட்டி? ஊரு பாடுது. நாந் தண்ணிக்குப் போனா எம் முதுகுக்குப் பின்னாடி பாடுதுக. அது போகட்டும். எனக்கு ஒரு மக இருக்கு. குன்றாண்டார்கோவில் பக்கத்துல மாப்பிள்ளை பாத்து, பரிசம் போட வாரோம்னாக. இப்ப வரலை. ஆத்தா ஒலக்கைய ஓங்குனவ, மக எப்புடி இருப்பாளோன்னு அந்த வீட்டுப் பொம்பளைக பேசுறாக. எந் தம்பி, செத்த புள்ளையைப் பெத்தவன், அவனே போய்ச் சொன்னான். அக்காளுக்காகப் பேசுறான்னுட்டாக. அச்சுல வந்திருக்கே, பொய்யாவா போடுவாகன்னு கேக்குறாக."

"நான் என்ன செய்யணும்?"

"நீதானே அச்சடிச்சே. நீயே இல்லேன்னு அச்சடி."

போய்விட்டார். ஒரு மூட்டைக்காரர், "பாவம்யா" என்றார். அவரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

மறுநாளே அச்சாபீசுக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. ஒரு மாதம் போக்கினேன். பாடுவதை நிறுத்தினேன், கையிலிருந்த புத்தகங்களைப் பரணில் போட்டேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை முதன்முதலாகப் புலவர் என்று கூப்பிட வைத்த பாட்டு அது. அதைப் பொய் என்று நானே சொன்னால் அப்புறம் நான் யார்? சாக்குத் தைக்கிறவன். தைத்துக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். கை இடறியது.

வீட்டுக்காரி ஒரு நாள் கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு வயசு ஏறுதுங்க." அதற்குப் பிறகும் வாரத்தில் இரண்டு தடவை அதே வார்த்தையைச் சொன்னாள்.

மாற்றுச் சிந்து ஒன்று எழுதினேன். அத்தை, தம்பி மகள், முழங்கால் தண்ணீர், பெயர்ந்த கல். முன்னே பாடியது பொய் என்று முதல் வரியிலேயே வைத்தேன். வரி ஒன்றும் நிற்கவில்லை. ஏழு தடவை மாற்றினேன். சோறு உப்பில்லாமல் இருக்கிற மாதிரியே இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

அச்சாபீஸ்காரர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எழுதுனவனே பொய்யின்னு எழுதுறதா? இதை எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்க வேணாங்க. சும்மா குடுக்கப் போறேன்."

"பேப்பரு?"

மூலையைக் காட்டினேன்.

"அது ஒம் புத்தகத்துக்குச் சேத்ததுல்ல?"

"அதுல அடிங்க."

"எத்தனை?"

"அந்தப் பாட்டு எத்தனை போச்சோ அத்தனை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானுந்தான் ஒன்னையக் கெடுத்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். அச்சுக்கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மிஷினை அவரே மிதித்தார். "படம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பழுப்புத்தாளைப் பிரித்து ரீம் ரீமாக எடுத்துப் போட்டோம். கடைசியில் ஒரு கைப்பிடி தாள்தான் மிஞ்சியது. அதை அவர் பில் புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டார்.

சந்தையில் புளியமரத்தடியில் நின்று பாடினேன். முதலில் கூட்டம் வந்தது. இரண்டாம் அடிக்குள் கலைந்தது. உப்பு விற்கிறவர் மட்டும் நின்றார்.

"அண்ணே, இது கெடக்கட்டும். கெழவி ஒலக்கைய ஓங்குவாளே, அதைப் பாடுங்க."

"அது பொய்யின்னுதானே சொல்றேன்."

"பொய்யின்னா என்ன? காதுக்குள்ள போனா குத்தவா போகுது?"

ஒரு பொம்பளை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்ன புலவரே, அந்தக் கெழவி ஒம்மளையும் ஒலக்கையால ரெண்டு சாத்திட்டாளா?" சந்தையே சிரித்தது. நான் புத்தகத்தை எல்லார் கையிலும் திணித்தேன். அடுத்த சந்தையில் கடலைக்காரி அதைக் கிழித்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. நல்ல கெட்டித் தாள்.

இத்தனையும் அச்சடித்து என்ன? மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர் நம்பினால் போதும். அதற்கு நானே போக வேண்டும் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. ஒரு நாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போய், மீதி தூரம் நடந்தேன். பையில் பத்துப் புத்தகம், என் நோட்டு. நோட்டை எங்கே போனாலும் எடுத்துப் போகிற வழக்கம்.

மாப்பிள்ளையின் அப்பா கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மாட்டை நிறுத்தினார். விசயத்தைச் சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி அடிச்சதும் நீங்கதான், இதை அடிச்சதும் நீங்கதான். நான் எதை நம்புறது?"

"அது விக்கிறதுக்காக எழுதுனதுங்க."

"இதுக்கு அந்தம்மா ஒங்களுக்கு என்ன குடுத்துச்சு?"

"ஒன்னும் குடுக்கலை."

"மொதல்ல நீங்கதான் அந்தப் பாட்டுக்காரருன்னு எனக்கு எப்புடித் தெரியும்? பாடுங்க பாப்போம்."

எதைப் பாட என்று கேட்டேன். "அதைத்தான்" என்றார். இனிப் பாட மாட்டேன் என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தேன். வேறு வழி இல்லை. கிணற்று மேட்டில் நின்று முழுதையும் பாடினேன். சந்தையில் நிறுத்துகிற இடத்திலும் நிறுத்தவில்லை. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏறி வந்து நின்றார்கள். அவர் பெண்சாதியும் வந்தார். வெறுங்குடமா மெதந்துச்சே என்ற இடத்தில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாடி முடித்து, "இது பூராவும் பொய்" என்றேன்.

"இம்புட்டு உருக்கமாப் பாடிட்டுப் பொய்யின்னா?" என்றார் அவர் பெண்சாதி. "போங்கய்யா அங்கிட்டு."

அவர் கையைக் காட்டிப் பெண்சாதியை நிறுத்தினார். "இந்தா இருக்கு எங்க கருப்பர் கோயில். புள்ளையத் தாண்டுவீங்களா?"

பெற்ற பிள்ளையைக் கீழே படுக்கப் போட்டு அதைத் தாண்டிச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் கடைசிச் சத்தியம். பொய்யாகத் தாண்டினால் பிள்ளை தங்காது என்பார்கள்.

"எனக்குப் புள்ள இல்லைங்க."

"அப்ப எதைத் தாண்டுவீரு?"

சும்மாதான் கேட்டார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கோயில் முன்னால் போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து மண்ணில் வைத்தேன்.

"என்னது அது?"

"பாட்டு. எட்டு வருசமா எழுதுனது. அச்சுக்குப் போகாதது."

"ஐயோ, எழுத்தைப் போயி யாராச்சும் தாண்டுவாகளா?" என்று அவர் பெண்சாதி சத்தம் போட்டார். கால் தெரியாமல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பொருள். அந்த அம்மாள் ஒரு குற்றமும் செய்யவில்லை, நான் எழுதினது பொய், இது சத்தியம் என்று சொல்லி நோட்டைத் தாண்டினேன். ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை தாண்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து நோட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, என் கையில் கொடுத்தார்.

"வெயில்ல நிக்க வேணாம். மோரு குடிச்சுட்டுப் போங்க."

மோரை அவர் பெண்சாதிதான் கொண்டுவந்தார். பரிசத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரி கேட்டாள்:

"தாண்டிட்டு எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்களா?"

"இல்லை."

"மறந்துட்டீங்களா?"

"ம்."

அவள் நோட்டை வாங்கித் தன் கண்ணில் ஒற்றிவிட்டு வைத்தாள்.

தை மாதம் பரிசம் போட்டார்கள். வைகாசியில் கல்யாணம். எனக்குச் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானும் இருக்கவில்லை. மண்டிக்கு வந்த ஒரு கடலைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னார். பந்தி நன்றாக இருந்ததாம்.

ஆடியில் அந்த அம்மாள் ஒரு தடவை வந்தார். இந்தத் தடவை மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"மக நல்லா இருக்கா."

"சந்தோசம் ஆத்தா."

"நீ கோயில்ல செஞ்சது கேள்விப்பட்டேன். அந்தச் சம்பந்தி சொன்னாரு." கொஞ்ச நேரம் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இனிமே எங்களைப் பத்தி ஒன்னும் எழுதாதே. கெட்டதும் எழுதாதே, நல்லதும் எழுதாதே."

"சரி ஆத்தா."

அவர் இருக்கிறவரைக்கும் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். இப்போது அவர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப்பேர் போடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று சிந்து போட்டேன். ஓடவில்லை. தாள் சேர்க்க மறுபடி மனசு வரவில்லை. நோட்டில் எழுதுவதும் தானாக நின்றுவிட்டது. தாண்டினதால் நின்றது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுத்துவிட்டது. பஸ்ஸும் ரேடியோவும் பெருகி, சந்தையில் நின்று கேட்கிற ஆளும் குறைந்துபோனார்கள்.

அறுபதுகளில் ஒரு நாள் சித்தன்னவாசல் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ரோடு போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் தாளத்துக்குப் பாட்டு. கிணற்றுச் சிந்துதான். நான் எழுதாத வரிகளும் சேர்ந்திருந்தன. கிழவி இப்போது மருமகளுக்குச் சூடும் வைத்தாள்.

நின்றேன். ஊர்ப்பேர் மட்டும் அப்படியே இருந்தது.

"ஏம்மா, அது நடந்தது இல்லை" என்றேன். "அந்தப் பொண்ணு படிக்கல்லு பேந்துதான் விழுந்துச்சு."

ஒருத்தி சுத்தியலை நிறுத்தாமல் கேட்டாள்: "ஒங்களுக்கு எப்புடிண்ணே தெரியும்?"

"நாந்தான் எழுதுனது."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்ப சரியானதைப் பாடுங்கண்ணே, கேப்போம்" என்றாள் இன்னொருத்தி. மாற்றுச் சிந்தைப் பாடினேன். அத்தை, தம்பி மகள், முழங்கால் தண்ணீர். மரியாதைக்குக் கேட்டார்கள். ஒருத்தி, "பாவம், அந்த அத்தை" என்றாள். அது போதும் என்று நடந்தேன்.

திருப்பத்துக்குப் போவதற்குள் பின்னால் பழைய பாட்டை மறுபடி எடுத்தார்கள். நன்றாகத்தான் பாடினார்கள்.